அனந்தபுரத்துக்கு அனுப்பிய குரல்

தனகோட்டி வாத்தியாருக்குக் குரல் போய்விட்டது என்ற செய்தி செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்து, கடைசியாகத்தான் தனகோட்டிக்கு வந்தது. தொண்டூர்க்காரர் ஒருவர் டீக்கடையில் அவரைப் பார்த்து, கையைக் கூப்பி, பிறகு விரலை ஆட்டி நலமா என்று சைகையில் விசாரித்தார்.

"ஏன்யா, உனக்கு இன்னா ஆச்சு? பேச்சு வரலியா?" என்றார் தனகோட்டி.

"எனக்கு இல்ல வாத்தியாரே. உங்களுக்குத்தான் வரலன்னு சொன்னாங்க."

குரல் நாணில் சின்னதாக ஒரு முடிச்சு. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். சில மாதம் பேசாமல் இருக்கச் சொன்னார்கள், இருந்தார். இப்போது பேசுகிறார். ஆனால் ஒரு கூத்து வாத்தியார் சில மாதம் பேசாமல் இருந்தால், ஊருக்கு அதுவே போதும்.

இதனால் பெரிதும் பாதிக்கப்படப்போவது அனந்தபுரத்துத் திரௌபதி அம்மன் திருவிழா. பல வருடமாக அங்கே பாரதக் கூத்து தனகோட்டி செட்டுதான். அர்ச்சுனன் தபசு அன்று ஊர் நடுவே நட்ட உயரமான மரத்தில் படிப்படியாக ஏறிக்கொண்டே பாட வேண்டும். உச்சியில் நின்று பாடுவது, மேலிருந்து போடும் எலுமிச்சம்பழத்துக்காக அடிவாரத்தில் மடியேந்தி நிற்கும் பெண்களுக்குக் கேட்க வேண்டும். அந்த அர்ச்சுனன் எப்போதும் தனகோட்டிதான். அனந்தபுரம் யாரை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது என்று பார்த்துத்தான் மற்ற ஊர்கள் வைக்கும். இந்த வருடம் வேறு செட்டுக்கு வைத்துவிட்டால், குரல் போய்விட்டது என்பது வதந்தியாக இருக்காது. தீர்ப்பாகிவிடும்.

நேராகப் போய் ஒரு பாட்டுப் பாடிக் காட்டிவிட்டு வரலாமே என்றுதான் அவர் மகள் அமலாவும் முதலில் கேட்டாள்.

"தாம்பூலம் வாங்காம வாய் தொறக்கிறதா? இன்னா பேச்சு பேசற நீ?" என்றார் தனகோட்டி. "பாடிக் காட்டி வேஷம் கேக்கிறவன் வாத்தியார் இல்ல. வேலைக்கு மனு போடறவன்."

பதிவு செய்து அனுப்பலாம் என்றால், அனந்தபுரத்து விழாக் குழு வாட்ஸப்பில் வரும் எதையும் ஏற்பதில்லை. போன வருடம் இன்னொரு செட்டுக்காரர் தன் குரல் என்று ஒன்றை அனுப்பினார். அது அவருடைய அப்பாவின் பழைய கேசட் என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து குழுவின் தலைவர் தர்மகர்த்தா இராமச்சந்திரன் ஒரு விதி போட்டார்: ஃபார்வர்டு செல்லாது, வெப்சைட்டில் போடு, குழுவில் இருப்பவர்கள் அவரவர் போனில் கேட்டுக்கொள்வார்கள். வாட்ஸப்பில் யார் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், வெப்சைட்டில் முடியாது என்பது குழுவின் நம்பிக்கை. வெப்சைட் செய்வதே அமலாவின் பிழைப்பு என்பதால் அவள் இதை மறுத்துப் பேசவில்லை.

எனவே மிருதங்கம் வாசிக்கும் பீமாராவ் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து முறைப்படி நீட்டினார். தனகோட்டி வாங்கிக்கொண்டு, பீமாராவின் போனுக்கு முன்னால் தபசுப் பாட்டைப் பாடினார். வேஷம் இல்லாமல் முகம் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் வீடியோ இல்லை. பாடி முடித்ததும் எழுந்து போய்விட்டார். போட்டுக் காட்டட்டுமா என்றதற்கு, "நான் பாடினத நானே கேக்கிறதுக்கு இன்னா இருக்குது?" என்றார்.

அந்தப் பதிவைத்தான் அமலா செட்டின் வெப்சைட்டில் ஏற்றியிருந்தாள். ஓபஸ் என்ற வகை ஃபைல் அது. குரலைக் கெடுக்காமல் ரொம்பச் சின்னதாக மடித்துத் தரும். அனந்தபுரத்தில் சிக்னல் சுமார் என்பதால் அதுவே நல்லது என்று நினைத்தாள். தன் லேப்டாப்பில் ஃபைலைத் திறந்தாள். பாடியது. ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குழு கூடும் நேரத்தில், திண்டிவனம் ரோட்டில் ஃபிளக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அவளுடைய அறையில் தனகோட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சும்மா வந்ததாகச் சொன்னார். கீழே கோட்டைக்கு வந்த வேன்கள் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

போன் அடித்தது. பீமாராவ். அனந்தபுரத்தில் கோயிலுக்கு எதிரே டீக்கடையில் இருந்தார். செட்டு ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்பதும் விதி.

"பாப்பா, உன் வெப்சைட்டுல இன்னா போட்டு வெச்சிருக்க?"

"நைனா பாட்டு, மாமா."

"பாட்டு வரல. எழுத்து வருது. கட்டம் கட்டமா, கேள்விக்குறியா, நடுவுல ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. எல்லார் போன்லயும் அப்டித்தானாம். குழுவுல இருக்கிற பாண்டுரங்கன் வெளிய வந்து சொல்லிட்டுப் போறாரு."

"இன்னா சொன்னாரு?"

பீமாராவ் கொஞ்சம் தயங்கினார். "கொரல் வரல போல, அதான் பாட்ட எழுதிப் போட்டுட்டாங்கன்னாரு."

அமலா ஸ்பீக்கரில் போட்டிருக்கக் கூடாது. தனகோட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுதிப் போட்டா அவனுங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார்.

அமலா லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள்.

இங்கே கூத்துக்கும், வெப்சைட்டை வைத்திருந்து கேட்பவர்களுக்குக் கொடுக்கும் சர்வருக்கும் உள்ள ஒரு பொருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். கூத்தில் யாரும் சும்மா நடந்து மேடைக்கு வருவதில்லை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். வருபவர் அதற்குப் பின்னால் நின்று, தான் யார் என்பதைப் பாடிச் சொல்வார். அப்புறம்தான் திரை விலகும். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சனங்களுக்கு அவர் துரோணரா துச்சாதனனா என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு பார்ப்பதால்தான் அந்த முகம் துரோணர் முகமாகத் தெரிகிறது.

சர்வரும் இதையேதான் செய்கிறது. போன் ஒரு ஃபைலைக் கேட்டால் எடுத்த எடுப்பில் அனுப்பிவிடாது. முதலில் சில வரிகள் போகும். அதில் ஒன்று, வரப்போவது என்ன வகை என்பது: படம், பாட்டு, வெறும் எழுத்து. அப்புறம் ஒரு காலி வரி. அதுதான் திரை. அதற்குப் பிறகே ஃபைல். போனில் இருக்கும் பிரவுசர், முன்னால் சொன்னதை நம்பித்தான் பின்னால் வருவதை நடத்தும். பாட்டு என்று சொன்னால் பாடும். எழுத்து என்று சொல்லிவிட்டுப் பாட்டை அனுப்பினால், பாட்டை எழுத்தெழுத்தாகக் காட்டும். கட்டமும் கேள்விக்குறியும் தனகோட்டியின் குரல்தான். ஒரு பிசிறும் குறையாமல் முழுசாகப் போயிருந்தது.

லேப்டாப்பில் திறந்தபோது பாடியது ஏன் என்றால், அங்கே சர்வரே கிடையாது. வீட்டுக்குள் யாரும் திரை பிடிப்பதில்லை.

அமலா, ஃபைல் வேண்டாம், முன்னால் சொல்லும் வரிகளை மட்டும் கொடு என்று சர்வரைக் கேட்டாள். கொடுத்தது. டெக்ஸ்ட், அதிலும் வெறும் டெக்ஸ்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சர்வர் பொய் சொல்லவில்லை. அதற்குக் காது கிடையாது. ஃபைல் பெயரின் வாலை மட்டும் பார்க்கும். வாலுக்கு வகை இன்னது என்று அதனிடம் ஒரு அட்டவணை இருக்கும். எம்பி3 என்றால் பாட்டு, ஜேபெக் என்றால் படம். அவளுடைய சர்வரின் அட்டவணையில் ஓபஸ் என்ற வால் இல்லை. தெரியாத வால் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று தனியாக ஒரு வரியில் எழுதி வைக்கலாம். அதையும் அமலா எழுதவில்லை. எழுதாவிட்டால், எது வந்தாலும் வெறும் எழுத்து என்று சொல்லிவிடும்.

"பிரவுசருக்கு அறிவு இல்லியா?" என்றார் தனகோட்டி. "கிரீடத்தப் பாத்தா ராஜான்னு தெரியாதா?"

"தெரியும் நைனா. நான்தான் பாக்காதன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏன்?"

"ஜெயசுதா டாக்டருக்காக."

அமலா வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் ஹாலோ பிளாக் கம்பெனி, ஒரு கல்யாண மண்டபம், பல் டாக்டர் ஜெயசுதாவின் கிளினிக், கூத்து செட்டு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. ஜெயசுதா எங்கேயோ தன் வெப்சைட்டின் பாதுகாப்பைச் சோதித்துப் பார்த்தார். சி கிரேடு வந்தது. படித்த காலத்தில் சி வாங்கியே பழக்கமில்லாதவர். அன்று மாலைக்குள் ஏ ஆக்க வேண்டும் என்றார். அமலா சர்வர் முழுமைக்கும் பொதுவாகச் சில வரிகள் சேர்த்தாள். அதில் ஒன்று பிரவுசருக்கான கட்டளை: நான் சொன்ன வகையை நம்பு, நீயாக முகர்ந்து பார்த்து ஊகிக்காதே. நல்ல கட்டளைதான். படம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே விஷமமான புரோகிராம் எதையாவது யாராவது நுழைத்தால், ஊகிக்கும் பிரவுசர் அதை ஓட்டிவிடும். ஊகிக்காதது ஓட்டாது. ஜெயசுதாவுக்கு ஏ கிடைத்தது. ஸ்வீட் கொடுத்துவிட்டார், பல் டாக்டராக இருந்தும்.

"அந்தம்மாவுக்குப் பல்லு, எனக்குக் கொரலா?" என்றார் தனகோட்டி.

"தப்பு அவங்க மேல இல்ல நைனா. நான் சரியாச் சொல்லியிருந்தா, நம்புன்னு சொல்றதுல ஒண்ணும் கெட்டுப்போயிருக்காது."

அட்டவணையைத் திறந்தாள். ஆக் என்ற வால் ஆடியோ வகையாகப் பதிவாகியிருந்த வரியைத் தேடி, அதன் பக்கத்தில் ஓபஸ் என்று ஒரே ஒரு சொல் சேர்த்தாள். இரண்டும் ஒரே குடும்பம்தான். எழுதியது சரியா என்று சர்வரையே படித்துப் பார்க்கச் சொன்னாள். சரி என்றது. இனி இதன்படி நட என்றாள். மறுபடி முன்வரிகளை மட்டும் கேட்டாள். ஆடியோ என்றது.

தன் போனை எடுத்துத் தொட்டாள். தனகோட்டியின் குரல் ஆலாபனையை ஆரம்பித்தது. உடனே அணைத்துவிட்டு பீமாராவைக் கூப்பிட்டாள்.

"மாமா, இப்ப தொட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"நான் எப்டிச் சொல்றது? உள்ள வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே."

"கத்திச் சொல்லுங்க மாமா."

"அத வேணா செய்யலாம். வரத்தான் கூடாது. கத்தக் கூடாதுன்னு சொல்லல." போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினார். அமலாவின் மேஜை அதிர்ந்தது.

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"அதே கட்டந்தான் பாப்பா. ரெண்டு தடவ இழுத்து ரிஃப்ரெஷ் பண்ணிட்டாங்களாம். எதிர் செட்டு ஆளு வேற பக்கத்து பெஞ்சில உக்காந்து டீ குடிக்கிறான். எனக்கும் சேத்துக் காசு குடுத்துட்டான். அதுதான் எனக்கு டென்ஷனா இருக்குது."

அமலா சர்வரின் வருகைப் பதிவைப் பார்த்தாள். அனந்தபுரத்துப் போன்கள் வந்து கேட்டிருந்தன. சர்வரும் பதில் சொல்லியிருந்தது. ஆனால் ஃபைல் ஒன்றுகூடப் போகவில்லை. படித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு தடவை வாங்கிய ஃபைலை மறுபடி மறுபடி இறக்கினால் டேட்டா வீண். அதனால், பாட்டு, படம் எல்லாவற்றையும் ஒரு மாதம் உன்னிடமே வைத்துக்கொள் என்று அவள் போன்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள். போன் ஃபைலை மட்டும் வைத்துக்கொள்ளாது. அப்போது முன்னால் சொன்ன வரிகளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். ரிஃப்ரெஷ் செய்தால் சர்வரிடம் போய், என்னிடம் இருக்கும் ஃபைல் ஏதாவது மாறியிருக்கிறதா என்று மட்டும் கேட்கும். மாறவில்லை என்றது சர்வர். உண்மைதானே. பாட்டில் ஓர் அட்சரம் மாறவில்லை. மாறியது திரைக்குப் பின்னால் சொன்ன பெயர் மட்டும்; அதை யாரும் கேட்கவில்லை. போன்கள் திரும்பிப் போய், பழைய பெயரோடு பழைய பாட்டைக் காட்டிக்கொண்டிருந்தன.

"இன்னா ஆச்சு?" என்றார் தனகோட்டி.

"மொதல்ல சொன்னதையே நம்பிக்கினு இருக்குது நைனா. மாத்திச் சொன்னா கேக்க மாட்டேங்குது."

"ஊரு அப்டித்தான்" என்றார் தனகோட்டி.

சரி செய்ய ஒரு வழி இருந்தது. அதே ஃபைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டால், போன்களுக்கு அது முன்பின் பார்த்திராத புது ஆள். முதலிலிருந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். அமலா பெயரின் கடைசியில் ஓர் எண் சேர்த்தாள். வெப்சைட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் இணைப்பையும் அந்தப் பெயருக்கு மாற்றினாள். பக்கத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்படி நல்லவேளையாக அவள் சொல்லவில்லை.

"மாமா, கட்டத்த மூடிட்டு, மொதல் பக்கத்துக்குப் போயி, மறுபடியும் அர்ச்சுனன் பேரத் தொடச் சொல்லுங்க. இதான் கடைசி."

பீமாராவ் கத்தினார். பக்கத்து பெஞ்சுக்காரர் என்னவோ சொன்னார். பீமாராவ் அவருக்கும் தனியாகக் கொஞ்சம் கத்தினார்.

பிறகு போனில் ஒரு குரல் வந்தது. அது முடிவதற்குள் அதே குரல் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணத்தில் தொட்டிருந்தார்கள். கோயில் மண்டபத்தில் பல தனகோட்டிகள் ஒருவர் பின் ஒருவராகத் தபசு மரம் ஏறிக்கொண்டிருந்தார்கள். "நிறுத்துங்கப்பா, ஒரு போன்ல கேளுங்க" என்று யாரோ அதட்டினார்கள். ஒவ்வொன்றாக அடங்கி, ஒன்று மட்டும் மிஞ்சியது.

தனகோட்டி நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு தான் பாடியதை அவர் வெளியிலிருந்து முழுசாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. பாட்டு படிப்படியாக மேலே போனது. உச்சிப் படியில் ஓர் இடம் உண்டு. அங்கே குரல் மேலே தாவி, எட்டாத கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுபோல நிற்க வேண்டும். பதிவில் குரல் அதுவரை வந்தது. தாவவில்லை. கீழ் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த அடியைச் சேர்ந்தது. தாளம் தப்பவில்லை; தெரியாதவர்களுக்குத் தெரியாது. அனந்தபுரத்தில் இருப்பவர்கள் தெரிந்தவர்கள்.

அமலா அவர் முகத்தைப் பார்த்தாள். கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல இருந்தார்.

பாட்டு முடிந்தது. மறுமுனையில் பீமாராவ் டீயை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. "தர்மகர்த்தா வர்றாரு பாப்பா. போனக் கேக்கிறாரு."

"வாத்தியார் இருக்காரா?" என்றது இராமச்சந்திரனின் குரல்.

"இருக்கேன்" என்றார் தனகோட்டி.

"கொரலு போயிடுச்சின்னாங்க. போவல. நல்லா இருக்குது."

"ம்."

"ஆனா இது அர்ச்சுனன் கொரல் இல்ல வாத்தியாரே."

தனகோட்டி போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காத. கொரல் எறங்கிடுச்சி. எறங்கினது கெட்டுப் போவல, கனமாயிருக்குது. பாண்டுரங்கன்கூடச் சொன்னாரு, கேக்கவே பயமாயிருக்குதுன்னு. துரியோதனன் வேஷம் கட்டு. அவன் விழற படுகளத்தன்னிக்கு நீதான். தாம்பூலத்த இப்பவே பீமாராவ் கையில குடுத்தனுப்பறேன்."

"தபசு மரம் யாரு ஏர்றது?"

"உன் செட்டுல பார்த்திபன் இருக்கான் இல்ல?"

"அவன் பாதி மரத்துல மூச்சு வாங்குவான்."

"வாங்கட்டும். நீ மொதல் வருஷம் ஏறினப்ப எலுமிச்சம்பழத்த என் தலையில போட்ட. அத நாங்க சொல்லிக் காட்டினமா?"

"இப்பதான் காட்டற" என்றார் தனகோட்டி.

இராமச்சந்திரன் சிரித்தார். தனகோட்டி சிரிக்கவில்லை. தாம்பூலம் வரட்டும், வந்த பிறகு வாய் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைக்கச் சொன்னார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் வெற்றிலை பாக்கைத் திருப்பி அனுப்பிய வழக்கம் அவருக்கு இல்லை என்பது அமலாவுக்குத் தெரியும்.

கீழே ஃபிளக்ஸ் மெஷின் யாருடைய பிறந்தநாளையோ இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தது.

"வெப்சைட்டுல எம்பேருக்கு நேரா அர்ச்சுனன்னு இருக்குதே" என்றார் தனகோட்டி.

"ஆமா."

"துரியோதனன்னு மாத்திடு."

மாற்றினாள். ஒரு சொல்தான். அவர் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அந்தப் பாட்டையும் எடுத்துடு."

அமலாவின் கை நின்றது. "எடுத்துடறேன் நைனா. ஆனா அவங்க எல்லாரும் கேட்டுட்டாங்க இல்ல, அவங்க போன்ல ஒரு மாசம் இருக்கும். சர்வர்ல எடுத்தாலும் அது அழியாது. வேணும்னா ஒவ்வொருத்தர் போனையும் வாங்கி—"

தனகோட்டி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். வாசலில் செருப்பைக் காலால் துழாவினார். ஒன்று கிடைத்தது, இன்னொன்று படிக்குக் கீழே போயிருந்தது.

"இருக்கட்டும் வுடு" என்றார்.